பெப்பினா உள்ளே வராத எட்டு நாட்கள்

என் பெயர் பெர்ப்பெதுவா செராஃபா. வயது எழுபத்தொன்பது. சுங்கத் துறையில் எழுத்தராக இருந்து காலமான கெய்தான் செராஃபாவின் மனைவி. கோசோ தீவு, நாதூர், காற்றாலைத் தெரு, பதினான்காம் இலக்க வீட்டில் ஐம்பத்தொரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். சென்ற வியாழக்கிழமை இதே காவல் நிலையத்தில், பக்கத்து வீட்டு வென்ஸு புஹாஜியார் என் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாகவும் என் பூனையைத் திருடியதாகவும் வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு வாக்கியம் உண்மையல்ல. அது எது என்பதைச் சொல்ல இன்று திங்கட்கிழமை நானாகவே வந்திருக்கிறேன்.

என் பூனை பெப்பினா வெள்ளை நிறம், வால் மட்டும் கறுப்பு, வயது பதினொன்று. அது போய்வர என் கணவர் சமையலறைக் கதவின் அடியில், அதன் தோள் அகலத்தை நூலால் அளந்து, ஒரு சிறு தொங்குகதவு வைத்துக் கொடுத்தார். பெப்பினாவுக்குத் தொண்டைச் சுரப்பி நோய் இருப்பதால் தினமும் காலையில் மீனுக்குள் அரை மாத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். பத்து நாள் விட்டுப்போனால் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் முதல், காது கிழிந்த ஒரு சாம்பல் பூனை அந்தக் கதவு வழியாக வந்து பெப்பினாவின் மீனைத் தின்றுவிட்டு என் கணவரின் நாற்காலியை நனைத்துவிட்டுப் போயிற்று. வென்ஸு அதற்குச் சோறு போட்டு மினிஸ்டர் என்று பெயரும் வைத்திருந்தார். நான் செங்கல் வைத்து அடைத்தேன், பெப்பினா வெளியே நின்று கத்தியது. வாசலில் வினிகர் தெளித்தேன், பெப்பினாதான் தும்மியது. அதன் பிறகு சுவருக்கு மேல் வென்ஸுவைக் கூப்பிட்டு, "உன் பூனையைக் கட்டி வை" என்றேன். அவர், "கட்டி வைக்க அது என்ன ஆடா, சின்யூரா? தெருக்கதவுல சாவியைத் தொங்கவிட்டுட்டு பூனைக்கு மட்டும் காவல் போடுறீங்களே!" என்றார். எங்கள் ஊரில் எல்லா வீட்டுச் சாவியும் பகலில் கதவின் வெளிப்பக்கப் பூட்டிலேயே இருக்கும். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை.

அதன் பிறகு கடையில் புதுவகைப் பூனைக்கதவு ஒன்று வாங்கிப் பொருத்தச் செய்தேன். பூனையின் தோலுக்கடியில் இருக்கும் சிறு மின்னணுச் சில்லின் எண்ணைப் படித்து, தனக்குத் தெரிந்த பூனைக்கு மட்டுமே அது திறக்கும். கையேட்டை ஏழாம் பக்கம் வரை இருமுறை படித்தேன். பொத்தானை அழுத்திவிட்டு, பூனை மிரளாதபடி தள்ளி இருக்க வேண்டும், முதலில் நுழையும் பூனையைக் கதவு பதிந்துகொண்டதும் அதன் விளக்கு அணையும் என்றிருந்தது. எட்டு நாட்களுக்கு முன், ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பெப்பினாவை முற்றத்தில் விட்டேன். பொத்தானை அழுத்தினேன். தள்ளிப்போய் உட்கார்ந்தேன். கதவு தட்டும் ஒலி கேட்டது, விளக்கு அணைந்தது.

அன்றிலிருந்து பெப்பினாவைக் காணவில்லை. ஆனால் கிண்ணம் தினமும் காலியாக இருந்தது, மாத்திரையும் இல்லை. புதுக் கதவு பிடிக்காமல் எனக்குத் தெரியாமல் வந்து தின்றுவிட்டுப் போகிறது என்று எண்ணினேன். புதன்கிழமை சாம்பல் பூனை நாற்காலியில் உறங்குவதைக் கண்டேன். கதவு அதற்குத் திறக்காது என்பதால், யாரோ தெருக்கதவுச் சாவியைத் திருப்பி அதை உள்ளே விட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை மாடியிலிருந்து பார்த்தபோது பெப்பினா வென்ஸுவின் முற்றத்தில் இருந்தது. உடனே நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன். வீடு திரும்பி, ஐம்பத்தொரு ஆண்டுகளில் முதன்முறையாகப் பகலில் சாவியைக் கழற்றி மேலங்கிப் பைக்குள் வைத்தேன். எதிர்வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை, சாவி என் பையில் இருக்கும்போதே, சாம்பல் பூனை மீண்டும் நாற்காலியில் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு நாள் யோசித்தும் விளங்காததால், இன்று காலை இந்த நிலையத்துச் சார்ஜென்ட் கமென்சூலியை வீட்டுக்கு வரும்படி கேட்டுக்கொண்டேன்.

வென்ஸு பெப்பினாவைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். அது மெலிந்திருந்தது. சார்ஜென்ட் அதைப் பூனைக்கதவின் முன் விட்டார். அது தலையால் முட்டியது, கதவு திறக்கவில்லை. அதன் பிறகு சாம்பல் பூனை எங்கள் எல்லோரையும் தாண்டி நடந்துவந்தது, கதவு திறந்தது, உள்ளே போயிற்று. தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்தவர்கள் அதற்கும் சில்லு வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

வென்ஸு, "அட, நம்மாளைத்தான் வீட்டுக்காரனாப் பதிஞ்சு வெச்சிருக்கீங்க! ஒரு வாரமா இவன் ஏன் தூங்கி வழியிறான்னு பார்த்தேன், மாத்திரையும் இவன் வயித்துலதானா?" என்றார். சார்ஜென்ட் சிரிக்காமல், "பெப்பினா உள்ள போனதை நேர்ல பார்த்ததா எழுதிக் கொடுத்திருக்கீங்களேம்மா?" என்று கேட்டார்.

அதுதான் அந்த வாக்கியம். நான் பார்க்கவில்லை. கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். கேட்டதைப் பார்த்ததாகச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற திங்கட்கிழமை மழையில் வென்ஸு மூன்று முறை என் தெருக்கதவைத் தட்டினார். அவர் கையில் ஒரு துண்டு இருந்ததைச் சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தும் நான் திறக்கவில்லை. முந்தின வாக்குமூலத்தில் இதைச் சொல்லவுமில்லை. மழையில் நின்ற பெப்பினாவைத்தான் அதில் சுற்றிக் கொண்டுவந்ததாக இன்று சொன்னார். சாவி அவர் கைக்கு முன்னாலேயே இருந்ததே, ஏன் திருப்பவில்லை என்று கேட்டேன். "நீங்க திறக்கலையே, சின்யூரா. அப்புறம் நான் எப்படித் திறக்கிறது?" என்றார்.

ஆகவே புகார் முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். பெப்பினா இன்று காலை அரை மாத்திரை தின்றது, நான் கண்ணால் பார்த்தேன். பூனைக்கதவில் இப்போது இரண்டு பூனைகளும் பதிவாகியுள்ளன. ஒன்றை நீக்கும் முறை எட்டாம் பக்கத்தில் இருப்பதாகச் சார்ஜென்ட் சொன்னார். இன்னும் படிக்கவில்லை. சாவியைத் தெருக்கதவின் வெளிப்பக்கப் பூட்டில் வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை படித்து இரண்டு இடங்களில் திருத்தினேன். பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே இம்முறை சொல்லியிருக்கிறேன் என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பெர்ப்பெதுவா செராஃபா