மருதப்பன் உண்ட முதல் ஈடு

பலகாரச் சிறுவணிகர் சங்கத் தலைவர் பரமசிவம் அவர்களே! மேடையில் இருக்கும் பெரியவர்களே! ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, தேக்காவிலிருந்தும் கேலாங்கிலிருந்தும் வந்து இந்தக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சக கடைக்காரர்களே! தாய்மார்களே! இரண்டு பெண்பிள்ளைகளையும் மடியோரம் அணைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கம் அவர்களே! எல்லாருக்கும் இந்த நெய்னா முகம்மதுவின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. தலையில் தட்டைச் சுமந்து சிராங்கூன் சாலையில் கூவி விற்றுக் கடைவைத்தவன் நான். கூவத் தெரியும், பேசத் தெரியாது. ஆனாலும் நம்மில் பலர் ‘தண்ணி மருதப்பன்’ என்று செல்லமாகக் கூப்பிட்ட திரு. மருதப்பன் அவர்களைப் பற்றிப் பேசும்படி நம் சங்கத்தின் துணைச் செயலாளர் சொன்னபோது மறுக்க மனம் வரவில்லை.

அவருடைய படத்துக்கு மாலை போட்டாயிற்று. படத்தின் முன் குத்துவிளக்கு இருக்கிறது. திரி போட்டு எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள். இன்னும் ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை என்று பின்வரிசையில் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நான்தான் தங்கத்திடம் சொல்லிப் பொறுக்கச் செய்திருக்கிறேன். காரணத்தைப் பேச்சின் முடிவில் சொல்கிறேன்.

மருதப்பன் யார்? ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லாலான் என்ற களைப்புல்லைக் கருக்க விஷ மருந்து அடித்தவர். துப்பாக்கியும் ஊரடங்குமாக இருந்த அவசரகாலத்தில், ஐம்பத்திரண்டாம் வருஷம், புதுமனைவி தங்கத்தோடு பாலம் தாண்டி இங்கே வந்தார். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு பின்கட்டு அறை. ஒரு எண்ணெய்ச் சட்டி, ஒரு அடுப்பு. அவர் பொரிப்பார், தங்கம் மாவு பிசைவார். பக்கோடா, முறுக்கு, வாழைக்காய் பஜ்ஜி. பத்து வருஷத்தில் அந்தச் சட்டி பெரிதானது, ஆள் பெரிதாகவில்லை. அதைத்தான் நான் பாராட்டுவேன்.

சனிக்கிழமை மாலை புக்கிட் பாஞ்சாங் சந்தைக்கு நாம் ஒரே லாரியில் போகிறோம். பண்ணைக்காரர்கள் கீரையும் முள்ளங்கியும் கோழியும் வாத்தும் கொண்டுவந்து இறக்குகிற இடம். விற்றுத் தீர்த்த கையோடு பசியாக நம் வரிசைக்கு வருவார்கள். நல்ல சந்தை. ஒரே குறை, தண்ணீர் இல்லை. ரோட்டோரக் குழாயிலிருந்து சுமந்து வரவேண்டும். யார் சுமந்தார்? அறுபது வயதைத் தாண்டிய பூவம்மா சுமந்தாரா? மூட்டுவலிக்காரன் நான் சுமந்தேனா? இளவட்டம் யாக்கூப்பாவது சுமந்தானா? அவன் லாரியிலிருந்து இறங்கியதும் முதலில் தலை வாருவான்! வரிசைக்கே தண்ணீர் கொண்டுவந்தவர் மருதப்பன். கேட்டால், “அடுப்பு காயுற நேரத்துல சும்மாத்தானே நிக்கிறேன் பாய்” என்பார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லித்தான் அவரைக் கிண்டல் செய்வோம். சட்டியில் விழும் முதல் ஈட்டை அவர் விற்கமாட்டார். ஒரு தட்டில் கொட்டி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தானே தின்பார். ருசி பார்க்க ஒரு துண்டு என்று நினைக்காதீர்கள். தட்டு நிறைய! அதுதான் அவருக்கு இராச்சாப்பாடு. தின்று, கை கழுவி, கடையை ஒழுங்கு செய்து, அதற்கப்புறம்தான் காஸ் விளக்கை ஏற்றுவார். விளக்கு எரிந்தால்தான் வியாபாரம். அதுவரை யார் வந்து கேட்டாலும், “கொஞ்சம் பொறுங்க, இன்னும் கடை தொறக்கல” என்பார்.

நானே அவரைக் கேட்டிருக்கிறேன்.

“ஏன் மருதப்பா, லாபத்தை நீ தின்னுட்டு நட்டத்தை ஊருக்கு விக்கப் போறியா?”

“பசிக்குது பாய், வேற என்ன.”

“பசிச்சா சோறு கட்டிக்கிட்டு வாயேன்.”

“என் கடைச் சரக்கை நானே வயிறாரத் தின்ன மாட்டேன்னா, ஊரான் எதுக்குக் காசு குடுத்துத் திங்கணும்?”

யாக்கூப் பக்கத்துக் கடையிலிருந்து, “அண்ணே, நீங்க தின்னு முடிக்கிறதுக்குள்ள பண்ணைக்காரன் வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவான் லா!” என்று கத்துவான். மருதப்பன் மென்றுகொண்டே சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை இனி எந்தச் சந்தையில் பார்க்கப் போகிறோம்?

அன்பர்களே! இதுவரை எல்லாரும் தலையாட்டிக் கேட்டீர்கள். இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. நான் மேடையேறும்போது தலைவர் என் காதில் ஒன்று சொன்னார். “பாய், நெஞ்சுவலின்னே பேசி முடிச்சிருங்க. இல்லன்னா சந்தை பாழாப் போயிரும்” என்றார். தலைவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் நம் எல்லாருடைய பிழைப்பையும் நினைத்துத்தான் சொன்னார். ஆனால் மருதப்பன் நெஞ்சுவலியில் சாகவில்லை. நாம் வாங்கிக் கொடுத்த டின்னால் செத்தார்.

உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். முழுதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

தீபாவளிக் கூட்டத்துக்குத் தண்ணீர் போதாது என்று சங்கம் பழைய டின்கள் வாங்கியது. மலிவாகக் கிடைத்தன. வெளியே பளபளவென்று வெள்ளிச் சாயம் பூசியிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று விற்றவனைக் கேட்டோமா? கேட்கவில்லை. வெந்நீர் ஊற்றிக் கழுவினோமா? மேலுக்கு ஒருதரம் அலசினோம். டின்தானே என்று நினைத்தோம். நம் தொழிலில் எல்லாமே டின்தான். எண்ணெய் வாங்குவது டின், முறுக்கு அடைப்பது டின், காலியானால் உட்காருவதும் டின். அதற்கு ஒரு பிறப்பு உண்டு, நம்மிடம் வருமுன் எங்கே இருந்தது என்று யார் யோசித்தோம்?

அந்தச் சனிக்கிழமை, சங்கம் வாங்கிய அந்த டின்களில் ஒன்றில் மருதப்பன் தண்ணீர் கொண்டுவந்தார். தன் கடையில் இறக்கினார். அதிலிருந்து யாக்கூப் மொண்டான். பூவம்மா மொண்டார். நானும் மொண்டேன். தங்கம் அந்தத் தண்ணீரில் கடலைமாவு கரைத்தார். மருதப்பன் முதல் ஈட்டைப் போட்டெடுத்து, வழக்கம்போலத் தட்டோடு உட்கார்ந்தார்.

நாங்கள் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம். தட்டு காலியாகிக் கொஞ்ச நேரம் இருக்கும். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனதைப் பார்த்தேன். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் தண்ணீரைக் கீழே கவிழ்த்தார். டின்னைத் தலைகீழாகத் திருப்பி அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தார். பூசிய சாயத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் சிவப்பாக ஒரு மண்டையோடு, பாதி அழிந்த நிலையில். தோட்டத்தில் முதுகில் சுமந்து அடித்த மருந்து அவருக்குத் தெரியாதா? அது வந்த டின் அவருக்குத் தெரியாதா?

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? ஐயோ என்று விழுவான். மனைவியைக் கூப்பிடுவான். லாரியில் ஏற்று என்பான். செய்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? வரிசையில் ஓடினார்! பூவம்மாவின் மாவுச்சட்டியைக் காலால் உதைத்தார். என் மாவைத் தரையில் கொட்டினார். யாக்கூப்பின் முதல் ஈடு கூடைக்கு வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளோடு ஒரு பண்ணைக்காரச் சீனப்பெண் கையை நீட்டி நிற்கிறாள். சின்னவன் கையில் யாக்கூப் ஒரு பஜ்ஜியை வைத்தேவிட்டான். மருதப்பன் அதைப் பிடுங்கி எறிந்தார். கூடையைக் கவிழ்த்தார். பிள்ளை வீரிட்டு அழுதது. ‘கீலா, கீலா’ என்று, பைத்தியம் என்று, அந்தத் தாய் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். யாக்கூப் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“என்னா அண்ணே, கிறுக்கு புடிச்சிருச்சா? கள்ளு குடிச்சீங்களா?”

“விக்காதே... தண்ணி... டின்னைப் பாருடா...”

அவ்வளவுதான் பேசினார். யாக்கூப்பின் கையிலேயே சாய்ந்தார். யாக்கூப் அங்கே தூணோரம் நிற்கிறான். நான் சொல்வது பொய்யா என்று அவனைக் கேளுங்கள். அன்றிலிருந்து அவன் தலை வாரவில்லை. பார்த்தாலே தெரியும்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் முடிந்துவிட்டது. அந்த டின்னைப் போலீஸ் கொண்டுபோயிற்று. அந்தப் பையன் எங்கோ ஒரு பண்ணையில் இன்றைக்கும் வாத்து விரட்டிக்கொண்டிருப்பான். தன் கையிலிருந்த பஜ்ஜியை ஒரு பைத்தியக்காரன் பிடுங்கினான் என்றுதான் அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

சரி. நாம் என்ன செய்தோம்? செயற்குழு கூடி, நெஞ்சுவலி என்று சொல்வதாக முடிவெடுத்தோம். சந்தையைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டோம். அது தப்புக் கணக்கு! வியாபாரியாகவே சொல்கிறேன். ஊர் வாயை மூட முடியாது. மருதப்பன் மாவைக் கொட்டியதை நூறு பேர் பார்த்தார்கள். நாம் டின்னை மறைத்தோம். பழி மாவுக்குப் போயிற்று. மாவுக்குப் போனால் யாருக்குப் போகும்? பிசைந்தவருக்குப் போகும்!

காரியமெல்லாம் முடிந்து, போன சனிக்கிழமை தங்கம் கடை போட்டார். ஏன் அதற்குள் வந்தார் என்று கேட்டவர்களும் உண்டு. பிள்ளைகளுக்குப் பசிக்காதா? ஒரு அம்மா வாங்க வந்தார். நம் வரிசைக்காரர் ஒருவர் தடுத்து, “அந்தக் கடை வேணாம்மா. வீட்டுக்காரரே அதத் தின்னுட்டுத்தான் போய்ச் சேந்தாரு” என்றார். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஒரு பொட்டலம் போகவில்லை. பொரித்ததெல்லாம் ஆறிப்போய், அப்படியே மூடிக் கட்டி லாரியில் ஏற்றினார். வரும் வழியில் என்னிடம் கேட்டார். “பாய், என் கையாலதானே பிசைஞ்சேன்? என் கைதானே அந்த மாவுல இருந்துச்சு?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? புருஷனைக் கொன்ற கை என்று தன் கையையே அந்தப் பெண் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சுவலி என்று சொல்லிச் சொல்லி அவரை அப்படிப் பார்க்க வைத்தவர்கள் நாம். இந்தச் சனிக்கிழமையும் இப்படியே போனால் அந்தக் கடை இல்லை. அந்தக் கடை இல்லை என்றால் அறை வாடகை இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மருதப்பன் பஜ்ஜியைப் பிடுங்கி ஊரான் பிள்ளையைக் காப்பாற்றினார். அவர் பிள்ளைகளின் சோற்றை நாம் பிடுங்கலாமா?

ஆகவே இந்த மேடையில் நின்று உரக்கச் சொல்கிறேன். தங்கம் கையில் குற்றமில்லை! தங்கம் மாவில் குற்றமில்லை! டின்னில் குற்றம். அதைக் கேட்காமல் வாங்கிய சங்கத்தின் மேல் குற்றம். செயற்குழுவில் நானும் ஒருவன். இதைச் சந்தையில் கேட்கிற ஒவ்வொருவருக்கும் நாம் சொல்லவேண்டும். சொன்னால் கொஞ்ச நாள் வியாபாரம் படுக்கும். படுக்கட்டும்! எந்த டின் என்று தெரியாமல் போனால் ஊர் நம் ஒவ்வொரு தட்டையும் சந்தேகப்படும். அப்படிப் படுத்த வியாபாரம் எழுந்திருக்காது.

இன்னொன்று. போலீஸ் ஒரு டின்னைத்தான் எடுத்தது. அன்று வாங்கிய மற்றவை எங்கே? உங்கள் கடைப் பின்புறத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கின்றன. அவற்றில் எதன் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு வந்ததை நேற்றே ஆணி அடித்து ஓட்டை போட்டு வாசலில் போட்டிருக்கிறேன். உள்ளே வரும்போது அதைத் தாண்டித்தான் வந்தீர்கள். இன்று வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் கொண்டுவந்து அதன்மேல் போடுங்கள். தண்ணீருக்குப் புது வாளிகளைச் சங்கம் வாங்கித்தரும். தலைவர் தலையாட்டுகிறார். நன்றி, தலைவர் அவர்களே. உங்களிடமிருந்து இதைத்தான் எதிர்பார்த்தேன்.

மருதப்பன் அவர்களுக்கு நாம் என்ன சிலையா வைக்கப்போகிறோம்? வரும் சனிக்கிழமை முதல் நம் வரிசையில் ஒரே முறை. முதல் ஈடு விற்பனைக்கு இல்லை. கடைக்காரன் வாங்குகிறவர் கண்முன்னே தின்னவேண்டும். அதற்கப்புறம்தான் விளக்கு. வரிசைக்குத் தண்ணீர் யார் சுமப்பது என்ற கேள்வி வேண்டாம். யாக்கூப் நேற்றே என்னிடம் வந்து, “நான் சுமக்கிறேன் நெய்னா காக்கா” என்று சொல்லிவிட்டான்.

இப்போது அந்த விளக்கின் விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கென்று தங்கம் இன்று காலை பக்கோடா பொரித்துக் கொண்டுவந்திருக்கிறார். குழாயடியில் நேராகப் பிடித்த தண்ணீர். ஒவ்வொரு வரிசையிலும் தட்டு வைத்திருக்கிறது. நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தேநீர்க் கோப்பைகள் காலி. தட்டுகள் வைத்தது வைத்தபடி. பிள்ளைகள் எடுக்கப் போனால் அம்மாக்கள் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள். மருதப்பனுக்காக அழுதீர்கள், அவர் வீட்டுப் பலகாரத்துக்குப் பயப்படுகிறீர்கள்!

முதல் ஈட்டைத் தங்கம் காலையிலேயே தின்றுவிட்டார். அடுத்தது நான். யாக்கூப், அந்தத் தட்டைக் கொண்டு வா. தலைவர் அவர்களே, நீங்களும் ஒன்று எடுங்கள்.

எல்லாரும் கையில் எடுங்கள், வாயில் போடுங்கள். எல்லாத் தட்டும் காலியான பிறகு தங்கம் எழுந்து வந்து விளக்கை ஏற்றட்டும். அதுவரை மருதப்பன் கடை திறக்கமாட்டார்.