நாற்பத்தோராவது படம்

கேமராவிலிருந்து டேப்லெட்டுக்கு வயர் இல்லாமல் படம் அனுப்புவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. கேமராவில் வைஃபையைப் போட வேண்டும். டேப்லெட்டில் அதன் பெயரைத் தேடித் தொட வேண்டும். பிறகு ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு கருத்து நிலவியது. அதனால்தானோ என்னவோ, டேப்லெட்டை என் கையில் கொடுத்தார்கள்.

நான் கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளர். எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்ணை உங்களுக்குத் தெரியும். ஒன்பது நாள் உள்ளே வைத்திருந்தீர்கள். எதன் மேலும் ஏறிவிடுவாள் என்பதால் நாங்கள் அவளை 'ஏணி' என்போம். அவளும் சிரித்துக்கொள்வாள். நல்ல பெண். அதுதான் தொந்தரவே.

நான் பார்த்துச் சரியென்று எழுதிய ஒரு தண்ணீர்த் தொட்டியை அவள் மறுபடி பார்த்து, குறை எழுதிக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் விளக்கம் கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவளே பதில் சொன்னாள்.

"சார் மேல ஏறியிருக்க மாட்டார்னு நினைக்கிறேன். படியில ஒரு வருஷத் தூசி அப்படியே இருந்துச்சு. அவருக்கு முட்டி வலி சார், பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டு வந்தவர்கூடத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். தூசியைச் சொன்னதை நான் மன்னித்துவிட்டேன். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது மட்டும் செரிக்கவில்லை.

அடுத்த வாரமே அலுவலகத்தில் ஒரு கேமராவும் டேப்லெட்டும் வாங்கினார்கள். இனி அவள் மேலே ஏறிப் படம் எடுப்பாள், நான் கீழே நிழலில் உட்கார்ந்து பார்ப்பேன். என் முட்டியின் மேல் நிர்வாகத்துக்கு அவ்வளவு அக்கறை. அறிக்கையில் கையெழுத்தும் இனி அவளுடையதுதான். இருபத்திரண்டு வருடம் கழித்து எனக்குப் பதவி உயர்வு: படம் பார்ப்பவர்.

சரி, பார்த்தேன்.

விளையாட்டு மைதானத்தின் கிழக்கு கேலரியை நாங்கள் பார்க்கப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை பள்ளிகளுக்கான ஓட்டப்பந்தயம். இரும்புத் தூண்கள், மேலே வரிசை வரிசையாக இருக்கைகள். அவள் அடியில் புகுந்து, குறுக்குச் சட்டங்களில் தொற்றிக்கொண்டு அறுபத்து நான்கு படங்கள் எடுத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். படங்கள் ஒவ்வொன்றாக என் மடிக்கு வந்து விழுந்தன.

இங்கே ஒரு சின்ன விஷயம். கேமரா அசல் படத்தை அனுப்பாது. அதைச் சுருக்கி ஒரு குட்டிப் பிரதியைத்தான் அனுப்பும். அசல் கேமராவின் கார்டிலேயே இருக்கும். அசலே வேண்டுமென்றால் டேப்லெட்டில் ஒரு இடத்தில் மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. மாற்றினால் வட்டம் ரொம்ப நேரம் சுற்றும். எனக்கு முட்டி வலி, பாவம்.

அவள் கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சார், அந்த நாற்பத்தோராவது படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்களேன். வெல்டிங் வச்ச இடத்துல ஒரு கோடு மாதிரி தெரிஞ்சுது. எதிர் வெளிச்சத்துல எனக்குச் சரியாத் தெரியல."

பெரிதாக்கிக் காட்டினேன். குட்டிப் படம், பெரிதாக்கினால் கஞ்சி மாதிரி கலங்கித்தான் தெரியும்.

"பெயிண்ட் உரிஞ்சிருக்கும்மா," என்றேன்.

"நிச்சயமா சார்?"

"எத்தனை கேலரி பாத்திருப்பேன் நான்?"

அவள் தலையாட்டினாள். கூட்டத்தில் எல்லோரையும் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்த அதே பெண், ஐயா, அன்று என் அனுபவத்தை அப்படியே நம்பினாள். மனது கொஞ்சம் குளிர்ந்தது, மறைக்கவில்லை.

அலுவலகம் திரும்பியதும் அவள் அறிக்கை தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். நான் கார்டைக் கழற்றி என் கணினியில் போட்டேன். அசல் நாற்பத்தொன்றைத் திறந்தேன். பெயிண்ட் இல்லை. வெல்டிங்கின் குறுக்கே, தூணின் பாதி அகலத்துக்கு வெடிப்பு. உள்ளே துரு சிவந்து கிடந்தது. அவ்வளவு தெளிவான படத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்காது.

எதிர் மேசையில்தான் இருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். "சார், கிழக்கு கேலரி சரின்னு போட்டுடலாமா?" என்று அவளே கேட்டாள்.

"போட்டுடும்மா," என்றேன்.

அவள் கையெழுத்துப் போட்டபின் கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டு, அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்தேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேமரா என்னிடம் கேட்டது. இயந்திரம்தான், ஆனாலும் மூத்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யும் பண்பு அதற்கு இருக்கிறது. அழித்த படங்களை உங்கள் ஆட்கள் மீட்டு எடுத்துவிட்டார்கள் என்றீர்கள். கெட்டிக்காரர்கள்.

நான் நினைத்தது என்ன தெரியுமா? ஒரு பலகை தொய்யும். நாலு பேருக்குச் சிராய்ப்பு. ஒரு விசாரணை வரும், 'இதில் யார் கையெழுத்து' என்று கேட்பார்கள், கூட்டத்தில் எல்லோரும் அவளைப் பார்த்து 'பாவம்' என்பார்கள். அவ்வளவுதான். பதினான்கு பேர் சாவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அதில் ஒன்பது பிள்ளைகள் என்றும் நினைக்கவில்லை.

அவளைப் பார்க்கக் காவல் நிலையத்துக்கு நான்தான் முதலில் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. "நான்தான் சார் சரியாப் பாக்கல, கிட்டப் போய்த் தொட்டுப் பாத்திருக்கணும்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "மனசைத் தேத்திக்கோ, எல்லாருக்கும் தப்பு நடக்கும்," என்றேன். வேறு யாராவது அவ்வளவு பெருந்தன்மையாகப் பேசியிருப்பார்களா?

இடியும் என்று தெரியாமல்தான் செய்தேன் என்று இரண்டு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் பொறுமையாக எழுதிக்கொள்கிறீர்கள். அந்தப் பேனாவை மேசையில் தட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை என் மகளும் மைதானத்துக்கு வந்தாள். அவளுடைய வகுப்பு முழுக்கக் கிழக்கு கேலரியில் உட்கார இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவளையும் என் மனைவியையும் நான் மேற்கு கேலரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"எல்லாரும் அங்க இருக்காங்கப்பா," என்று அழுதாள்.

"அங்க வெயில் முகத்துல அடிக்கும் பாப்பா."

"காலையில இங்கதானேப்பா அடிக்குது?" என்றாள். கண்களைக் கையால் மறைத்துக்கொண்டுதான் கேட்டாள். படிப்பில் கெட்டி, அம்மாவைப் போல. எதிரே அவளுடைய பெஞ்சுத் தோழி எழுந்து நின்று கையசைத்தாள். இவளும் அசைத்தாள்.

சத்தம் கேட்டபோது மைதானமே கிழக்கே திரும்பியது. என் மகள் மட்டும் என் பக்கம் திரும்பினாள்.

"எப்படிப்பா தெரியும்?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பள்ளிச் சீருடையோடு தனியாகப் பஸ் ஏறி வந்து உங்களிடம் சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை, ஐயா. சின்னப் பிள்ளை, பயந்துபோயிருக்கிறாள். அப்பா அன்றைக்கு அவளைக் காப்பாற்றினார் என்பது, கொஞ்சம் விவரம் வந்தபின் அவளுக்கே புரியும்.