புழு பார்க்க வந்தவள்

— எனக்குச் சேர வேண்டிய பங்கப் பிரிச்சிக் குடுத்துடு நைனா.

— இன்னாது?

— ஏரிப் பக்கம் பாதி. சோயா மொச்ச போட்டிருக்கியே, அந்தக் கொல்லையில பாதி.

— இத வாயிலயே எடுக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லலயா?

— ஹாஸ்டலுக்குப் போன நாள்லேர்ந்து சொல்லிக்கினுதான் கீது. அண்ணன் இருக்கறப்ப பொண்ணு கேக்கக் கூடாதாம்.

— பயிர்ல புழு, வந்து பாருன்னு கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். நீ வந்து பாகப்பிரிவினை பேசற. பி.எஸ்சி. அக்ரில இத்தான் பாடமா?

— புழுவும் பாத்துட்டுதான் வரேன். பஸ்ஸ விட்டு எறங்கி நேரா கொல்லைக்குதான் போனேன்.

— அதான் செருப்பெல்லாம் சேறு. வெளிய கழட்டு… சரி, இன்னா கீது?

— எல சல்லடையா கீது. ஆனா புழு செத்துக்கினு வருது நைனா. எல மேலயே வெறைச்சிப் போயி ஒட்டிக்கினு… சுண்ணாம்புல முக்கி எடுத்த மாதிரி வெள்ளையா.

— அந்த வெள்ளயப் பாத்துதான் பயந்துட்டேன். செடிக்குப் பூசண நோவு வந்துட்சி. படப்பைக் கடையில பூசணத்துக்கும் மருந்து வாங்கியாந்து, புழு மருந்தோட கலக்கி வெச்சிருக்கேன்.

— செடிக்கு இல்ல, நோவு புழுவுக்கு. இந்தத் தூறல்ல, பனியில அந்தப் பூசணம் புழு ஒடம்புக்குள்ள பூந்து கொல்லுது. இன்னும் கொஞ்ச நாள்ல அந்த வெள்ள மேல பச்சையா மாவு படியும். அது காத்துல பறந்து அடுத்த புழு மேல ஒக்காரும். பூசண மருந்த அடிச்சின்னா, கூலி கேக்காத ஆளக் கொன்ன மாதிரி.

— கூலி கேக்காத ஆளு… நல்லா பேசற. சரி, அடிக்கல.

— அடிக்கலயா?

— நீ சொன்னா சரிதான்.

— நான் சொல்லி ஒரு தபா கூட நீ கேட்டதில்லயே. களையெடுக்கறப்ப கூட என்ன வரப்புலயே நிக்க வெச்ச.

— படிக்கற பொண்ணு… கால்ல சேறு படக் கூடாதுன்னு…

— சேறு படாதான்னு இருந்திச்சி எனக்கு. சொல்லு, இன்னிக்கு ஏன் சண்ட போடல?

— மொதல்ல சாப்டு. மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வராரு. அவுரு எதிர்ல… ஒரு கையெழுத்து போடணும் நீ.

— எதுக்கு?

— அந்தக் கொல்லைய வாங்கி கம்பெனி ஷெட்டு கட்டப் போறாங்களாம். உங்கண்ணனுக்கு அதுலயே வேல தராங்க. புதுசா சட்டம் வந்துகீதாமே, கல்யாணம் ஆவாத பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு… நீ போடலன்னா வாங்க மாட்டேங்கறாரு.

— அதுக்குதான் புழுன்னு சொன்ன.

— புழு பொய்யில்லம்மா. ஆனா… புழுன்னு சொன்னாதான் நீ ஓடியாருவேன்னு தெரியும்.

— விக்கப் போறன்னு எனக்கும் தெரியும். போன தபா வந்தப்பவே அம்மா சொல்லிட்சி.

— தெரிஞ்சேவா வந்த?

— “காந்தி, பயிர வந்து பாரும்மா”ன்னு சொன்னியே போன்ல. பொறந்ததுலேர்ந்து நீ அப்பிடிக் கூப்ட்டதில்ல. ஒருவேள நெசமா கூப்புடறியோன்னு… ராத்திரி பூரா பஸ்ல அதையேதான் நெனச்சிக்கினு வந்தேன்.

— காந்தி… எங்க கெளம்பற? அந்த ஆளு வர நேரம்.

— கொல்லைக்கு. காலையிலயே மொளக்குச்சி அடிச்சிக் கயிறு கட்டிட்டுதான் வந்தேன் நைனா. கயித்துக்கு அந்தாண்ட நீ இன்னா வேணா பண்ணிக்கோ. இந்தாண்ட என் பாதி… புழு இன்னும் பச்சையாவல.