குளத்துத் தண்ணீர்

தம்பானூரில் பஸ் ஏறிய வயதான தம்பதி என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். கணவர் மடியில் ஆஸ்பத்திரிக் கவர் இருந்தது.

"குளிச்சா உசுரு போயிடுமாம். கேட்டியோடி?" என்றார் அவர்.

"பச்சத்தண்ணியில குளிச்சாதான்னு சொன்னார் டாக்டர். வெந்நீர்ல தாராளமா குளிக்கலாம்."

"அப்போ போன மாசம் வெச்ச ஸ்டென்ட் எதுக்கு?"

"ஸ்டென்ட் நன்னாத்தான் இருக்கு, குழப்பம் ஒண்ணும் இல்லேன்னாரே. அதுக்குப் பக்கத்துல ரத்தக்குழாய் குளுந்தா சுருங்கிக்கறதாம். கார்த்தால நெஞ்சு வலிக்கறது அதனாலதான்."

"கோயில் குளத்துல முங்காம மடப்பள்ளியில எப்படிக் காலை வைக்கறது? வெந்நீர்ல குளிச்சவன் சமைச்ச நைவேத்யத்தைப் பகவான் தொடுவாரோ?"

"பகவானுக்குச் சமைச்சுப்போட வேற ஆள் வருவா. நேக்கு வேற ஆள் இருக்கோ?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கிள்ளிப்பாலம் தாண்டியது. கரமனையில் இறங்க எழுந்தபோதுதான், கம்பியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்:

"மடப்பள்ளிச் சாவியை நீயே கொண்டுபோய்க் குடுத்துடு. நான் வரலை. வந்தா குளத்தைப் பாக்கவேண்டி வரும்."