‘இப்ப இல்ல’ன்னு சொன்ன டிரைவர்

விநாயக்: …போதும் தேஜு. இந்த டிரைவர் புரோகிராமைத் தூக்கிக் கடாசிட்டு வேற எழுதறேன்.

தேஜஸ்வினி: இன்னாத்துக்குடா? கோரமண்டல் ஸ்டேஷன்ல ரயில் ஏறினதுலர்ந்து லேப்டாப்பையே மொறச்சினு வர. திருப்பு, பாக்கறேன்.

விநாயக்: நேத்து தலவலின்னு ஆபீசுக்கு லீவு போட்ட. இன்னிக்கு வாய் நல்லா…

தேஜஸ்வினி: வாய்க்கு வலிக்கல. விசயத்துக்கு வா.

விநாயக்: கேமராவ ஓட்டறதுக்கு எழுதின டிரைவர். சிஸ்டத்துக்கே மூளையா கீற கெர்னல்ல ரிஜிஸ்டர் ஆவுது. ‘ஒன் கேமரா வந்துகீது, எடுத்துக்கிறியா’ன்னு கெர்னலும் கேக்குது. இது மாட்டேங்குது.

தேஜஸ்வினி: மாட்டேன்னா சொல்லுது? ‘டிஃபர்’னு போட்டுகீது பாரு. ‘இப்ப இல்ல, அப்புறம் கேளு’.

விநாயக்: அது எனக்குத் தெரியாதா? எத்தினி வாட்டி கேட்டாலும் அதே பதில்தான். மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல மனசில்ல, அப்புறம்ங்குது.

தேஜஸ்வினி: கேமராவுக்கு கரண்ட் குடுக்கிற டிரைவர் இன்னும் வரலடா. அது வராம இது சரின்னு தலையாட்டினா ஆச்சா?

விநாயக்: அது எப்ப வரும்?

தேஜஸ்வினி: அது வந்து சேந்ததும் கெர்னலே திரும்பக் கேக்கும்.

விநாயக்: வரவே வரலன்னா?

தேஜஸ்வினி: …நீ கேமராவப் பத்திதானே பேசற?

விநாயக்: இல்ல.

தேஜஸ்வினி: அதானே பாத்தேன்.

விநாயக்: கட்டிக்கிறியான்னு தீபாவளிக்கு கேட்டேன். இப்ப இல்லன்ன. உகாதிக்கு கேட்டேன். அப்பவும்…

தேஜஸ்வினி: எங்கப்பாவ வெச்சுகினு நான் இன்னா பண்றது, சொல்லு.

விநாயக்: ஒங்கப்பா ராபர்ட்சன்பேட்டை கடைல எங்கம்மாவுக்கு பருப்பு நிறுத்து குடுப்பாரு. ஸ்கெலட்டன் மைன்ஸ் லைன்ல எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிப்பாரா?

தேஜஸ்வினி: மாட்டாருன்னு நீயே முடிவு பண்ணிட்ட.

விநாயக்: பண்ணிட்டேன். புனே ஆபீசுக்கு மாத்தல் கேட்டு மெயில் எழுதி வெச்சுகீறேன். பங்காரப்பேட்டை வந்தா நெட்டு வரும். அனுப்பிடுவேன்.

தேஜஸ்வினி: …எங்கிட்ட சொல்லாமயா?

விநாயக்: சொன்னா அழுவ.

தேஜஸ்வினி: அழத்தான் செய்வேன். கல்லா நானு?

விநாயக்: தெனம் இதே ரயில்ல ஒன் பக்கத்துல ஒக்காந்துகினு… நாளைக்கு வேற எவனுக்கோ ஒன்னக் கட்டி வெப்பாங்க, அதையும் பாத்துகினு… என்னால ஆவல தேஜு.

தேஜஸ்வினி: சரி. மொதல்ல டிபன் டப்பாவ எடு. பசிக்குது.

விநாயக்: நான் இன்னா சொல்லிகினுகீறேன், நீ…

தேஜஸ்வினி: எடுடா.

விநாயக்: இந்தா. எங்கம்மாவும் ஒரு மாதிரிதான் கீறாங்க. இன்னிக்கு ரெண்டு டப்பா கட்டிகீறாங்க. இன்னாம்மான்னா சிரிக்கிறாங்க. நீ வேற அதே சிரிப்பு சிரிக்கிற.

தேஜஸ்வினி: அந்த ரெண்டாவது எனக்கு.

விநாயக்: ஒனக்கா? எங்கம்மா ஒன்ன கண்ணால பாத்ததுகூட இல்லியே.

தேஜஸ்வினி: நேத்து எனக்கு தலவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கப்பா ஒங்க வீட்டுக்கு வந்து, ஒங்கம்மா கையால காபி வாங்கிக் குடிச்சாரு. நானும் கூட வந்தேன். ‘நானே சொல்லிக்கிறேன், நீங்க வாயத் தொறக்காதீங்க’ன்னு அத்தைகிட்ட நான்தான் சொல்லி வெச்சேன்… பங்காரப்பேட்டை வரப் போவுது. மறுபடி கேளுடா.