எண் இல்லாத வீடு

— எச்சரிக்கை ப்ரோக்ராம பேஸ் லைப்ரரிக்கே மாத்திருவோம், கிஷாந்த். அடுத்த மழைக்குள்ள மாத்தியாகணும்.

— வேணாம் அண்ணி. ஓகாமல் கம்ப்யூட்டர் மொழியோட வர்ற லைப்ரரியே போதும்.

— போதும் போதும்னு நீங்க புடிச்ச புடியிலதான் என் புருசன் மண்ணுக்குள்ள போனாரு.

— தெரியும் அண்ணி.

— ஒங்க அண்ணே அன்னிக்கே என்னா சொன்னாரு? பேஸ்ல எழுதுவோம், தேடுறது கெடைக்காட்டி என்னா செய்யன்னு அது முன்கூட்டியே கேட்டுக்கும்னாரு. நீங்கதான் எல்கடுவ சிக்னலுக்கு அத எறக்கவே ஒரு நாளு போகும்னீங்க.

— சொன்னேன்தான்.

— மலை சரியப் போவுதுன்னு மழை அளக்குற மெஷின் கத்துச்சு. தோட்டத்து மேல் லயத்துல இருந்து வீடு வீடா போன்ல எச்சரிக்கை கோல் போச்சு. பாதியில ப்ரோக்ராம் செத்துருச்சு. எங்க வீட்டுக்கும் போகல, வேலம்மாக்கா வீட்டுக்கும் போகல. நான் பிரசவத்துக்கு யட்டவத்தைல அம்மா வீட்டுல கெடந்தேன். யாரு வீட்டுக்கிட்ட நின்னுச்சுன்னாச்சும் ஒங்க லைப்ரரி சொன்னுச்சா? ‘கெடைக்கல’ன்னு ஒத்தச் சொல்லு, அம்புட்டுத்தான்.

— வேலம்மாக்கா மகன் என்னயப் பாத்தா காறித் துப்பிட்டுப் போறான் அண்ணி. அத நான் வாங்கிக்கிறேன். நீங்க இத விட்டுருங்க.

— நீங்க வாங்கிக்கிட்டா ஆச்சா? அந்த லயத்துல இன்னும் சனம் இருக்குல்ல?

— சரி, பேஸ்லயே எழுதுவோம். அன்னிக்கு இருந்த போன் நம்பர் பட்டியல மட்டும் போட்டு ஓட்டாதீங்க.

— அதப் போட்டாத்தானே சரியாச்சான்னு தெரியும்? நான் மாத்தியே முடிச்சுட்டேன். இந்தா ஓடுது. கோல் போகாது, பேரு மட்டும்தான் வரும்.

— மூடுங்க அண்ணி. கும்புடுறேன்.

— பாப்பம்மா வீடு, போயிருச்சு. லெட்சுமணன் வீடு, போயிருச்சு. பாருங்க, நிக்கவே இல்ல! வேலம்மாக்கா வீட்டுக்கும் போகுது. ஐயோ, பாழாப்போன இது அன்னிக்கே இருந்திருந்தா...

— வாங்க அண்ணி, புள்ள அழுவுது.

— அழுவல. இருங்க. நடுவுல ஒரு வீட்டுக்கு நம்பர் இல்லைன்னு வருது. நம்பர் இல்லாட்டி வீட்டுப் பேரக் காட்டிட்டு அடுத்ததுக்குப் போன்னு நான்தான் எழுதினேன்... கிஷாந்த், இது எங்க வீடு.

— ம்.

— அன்னிக்கு நின்னது இங்கதானா? எங்க வீட்டு நம்பர் இல்லாமத்தானா?

— ஆமா.

— ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் லைப்ரரி மேல பழியப் போட்டு, ஊரு துப்புறதயெல்லாம் வாங்கிக்கிட்டு நின்னீங்க. நம்பர எடுத்தது யாரு?

— அண்ணேதான்.

— அவரா? சொந்த வீட்டு நம்பர யாராச்சும் எடுப்பாங்களா?

— விடுங்க அண்ணி. போனது போயிருச்சு.

— ஒங்க அண்ணே மேல ஆணை. சொல்லுங்க.

— நீங்க யட்டவத்தைக்குப் போனதும் திருப்பிப் போடுறேன்னுச்சு. மறந்துருச்சு.

— எடுத்தது ஏன்னு கேக்குறேன்.

— டெஸ்ட் கோல் வர்றப்பெல்லாம் வயித்துப் புள்ளயோட திடுக்குனு எந்திரிச்சு ஒக்காருவீங்கல்ல... நீங்க தூங்கணும்னுதான் அண்ணி எடுத்துச்சு.