துண்டுக்கு அடியில் நாற்பது

பேரம் பேசாமல் எனக்குக் கத்தரிக்காய்கூட வாங்கத் தெரியாது, சார். அப்பா தூத்துக்குடியில் முத்துத் தரகர். இரண்டு பேர் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். முழு விரல் பத்து, விரல்கணு ஒன்று. யாரும் வாயைத் திறப்பதில்லை. அதனால் பிறகு யாரையும் ‘நீதானே சொன்னாய்’ என்று இழுக்க முடியாது.

எழுபத்தெட்டில் ஞானையா அண்ணாச்சியின் மருந்துக் கம்பெனியில் நான் ஒருவன்தான் கெமிஸ்ட். ஊசியில்லாத இன்சுலின் செய்ய அவருக்கு ஆசை. இன்சுலின் ஒரு பெப்டைடு. அப்படியே குடித்தால் வயிறு செரித்துவிடும். முட்டை மஞ்சள்கருக் கொழுப்பில் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் செய்து, உள்ளே அதை அடைத்தோம். லைப்போசோம் என்று பெயர். பார்த்தால் பால் மாதிரி இருக்கும். புட்டிக்கு நாற்பது மில்லிகிராம் பெப்டைடு இருந்தால்தான் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும்.

அளப்பது என் வேலை. ரசாயனம் சேர்த்தால் நீலம் வரும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பெப்டைடு. ஆனால் கொழுப்பை ஈதரில் கழுவி எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்டர், பாவம், கலங்கலையும் நீலம் என்று நம்பிவிடும்.

கழுவி அளந்தேன்: பதினொன்று. கழுவாமல்: நாற்பத்துமூன்று.

“எதுக்குலே கழுவுதே? நோயாளி கழுவியா குடிக்கப் போறான்?” என்றார் ஞானையா.

“கொழுப்பும் சேர்ந்து தெரியுது, அண்ணாச்சி.”

அவர் தோள் துண்டை எடுத்து எங்கள் கைகள்மேல் போட்டார். நான்கு விரல், மூன்று கணு. நான் கணுக்களை விலக்கினேன். அவர் நான்கு விரலை அழுத்தினார். ரிப்போர்ட்டில் நாற்பது என்று எழுதினேன். காசு எதுவும் வாங்கவில்லை. அவரை மூன்று இறக்கியதில் அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது.

இன்பமணி என் அக்கா. நாசரேத்தில் டீச்சர். பதினோரு வருஷமாகத் தினமும் ஊசி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “ஏலே ஜேசு, தொடையில குத்துத வேலை விட்டுச்சு. நீ அளந்த மருந்துன்னு டாக்டர் சொன்னாரு, உடனே சம்மதிச்சிட்டேன். தம்பி அளந்தா தப்பாதுல்லா?”

“ஊசியையும் போட்டுக்கோயேன்க்கா.”

“ரெண்டும் சேந்தா மயக்கம் வருமாம். நீ கெமிஸ்ட்டா, டாக்டராலே?”

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினொன்று என்ற ஒரு சொல் போதும், அவள் ஊசியை எடுத்திருப்பாள். அதைச் சொன்னால் அந்தச் சோற்றை எப்படி விழுங்குவது என்று தெரியவில்லை. “இனிப்பைக் குறைச்சுக்கோக்கா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அவளுக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் மருந்தைச் சந்தேகப்படவில்லை, அக்காவின் வாயைச் சந்தேகப்பட்டார். திருட்டுத்தனமாய்த் தின்கிறாள் என்று வார்டில் வைத்தே திட்டினாராம். பன்னிரண்டாம் நாள் நினைவு தப்பியது. பிறகு திரும்பவில்லை.

சவப்பெட்டியை மூடும்முன் டாக்டர் என் தோளில் கைவைத்தார். “மருந்து சரியாத்தான் இருந்திச்சு, தம்பி. உங்க ரிப்போர்ட் எங்கிட்ட இருக்கு. வருத்தப்படாதீங்க.” அந்தக் கை இன்னும் என் தோளில்தான் இருக்கிறது.

மூன்றாம் வாரம் இரண்டாவது பேட்ச் வந்தது. கழுவி அளந்தேன். ஒன்பது. உண்மையை எழுதினால் முதல் நாற்பது எங்கே போயிற்று என்று கேட்பார்கள். அக்காவைப் பற்றியும் கேட்பார்கள். அதைக் குடித்த நான்கு பேரின் பெயர் உங்கள் கேஸ் ஃபைலில் இருக்கிறது. யாராவது சாவார்கள் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

ஞானையா அண்ணாச்சி அப்போதும் துண்டைப் போட்டு நாற்பத்துமூன்றுதான் கேட்டார். அக்காவை நினைத்து, மூன்று குறைத்துத்தான் கொடுத்தேன், சார்.